இளைஞரணி

நம் ஊர்க் கட்சிகளில் இளைஞரணி என்று ஒன்று உண்டு. அதன் சுவரொட்டியில் சிரிக்கிற இளைஞருக்குப் பேரன் பிறந்து, காதுகுத்தும் முடிந்திருக்கும். மூத்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத வரைக்கும் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் இளைஞர்கள்தான் என்பது அரசியல் கணக்கு. ஆண்கள் டென்னிஸிலும் ஏறக்குறைய இருபது வருஷம் இந்தக் கணக்குதான் ஓடியது.

2003 விம்பிள்டனில் ரோஜர் ஃபெடரர் தன் முதல் கிராண்ட்ஸ்லாம் கோப்பையைத் தூக்கினார். 2023 அமெரிக்க ஓப்பனில் நோவாக் ஜோகோவிச் தன் 24-ஆவது கோப்பையைத் தூக்கினார். நடுவில் ரஃபேல் நடால் 22. ஃபெடரர் கணக்கு 20-இல் முடிந்தது. இந்த இடைவெளியில் நடந்த கிராண்ட்ஸ்லாம்கள் மொத்தம் 81 (கொரோனா வருஷத்து விம்பிள்டன் நடக்கவில்லை). அதில் 66-ஐ மூன்று பேர் எடுத்துக்கொண்டு, பூமியில் பாக்கி இருந்த அத்தனை ஆண்களுக்கும் சேர்த்து 15-ஐ விட்டுவைத்தார்கள்.

அந்தக் காலம் முழுக்க ஒவ்வொரு ஜனவரியிலும் பத்திரிகைகள் ஒரு இளைஞரைக் கண்டுபிடிக்கும். பல்கேரியாவின் கிரிகோர் டிமிட்ரோவுக்கு 'பேபி ஃபெடரர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒற்றைக் கை பேக்ஹேண்ட், அதே சாய்வு, அதே சுழற்சி. கோப்பையைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தது. இன்று அந்த பேபிக்கு முப்பத்து நான்கு வயது தாண்டிவிட்டது. ஒரு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஜப்பானின் நிஷிகோரி, கனடாவின் ரவ்னிச் ஆகியோர் தலைக்கு ஒரு தடவை இறுதிவரை போய், கை தட்டிவிட்டு வந்தார்கள். இன்னும் கொடுமையான கணக்கு ஒன்று உண்டு. 1990 முதல் 1999 வரை, அந்தப் பத்து வருஷத்தில் பிறந்த அத்தனை ஆண்களும் சேர்ந்து 2025 முடிய வென்ற ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் இரண்டு. டொமினிக் தீம் ஒன்று, டேனியல் மெத்வதேவ் ஒன்று. இது தலைமுறை இடைவெளி இல்லை, ஒரு தலைமுறையையே காணவில்லை.

தீம் வென்ற கதை தனிச் சுவை. 2020 அமெரிக்க ஓப்பன். ஃபெடரருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. கொரோனாவுக்குப் பயந்து நடால் வரவில்லை. ஜோகோவிச் வந்தார், கோபத்தில் பின்பக்கமாகத் தட்டிவிட்ட பந்து ஒரு பெண் லைன் நடுவரின் தொண்டையில் பட, போட்டியை விட்டே வெளியேற்றப்பட்டார். தலைவர்கள் மூவரும் ஊரில் இல்லாத நேரத்தில் பொதுக்குழு கூடுகிறது. இறுதியில் தீமும் ஜெர்மனியின் ஸ்வெரெவும். இரண்டு இளைஞரணிச் செயலாளர்களுக்கும் பயத்தில் கை நடுங்கியது. ஸ்வெரெவ் முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு விட்டுக்கொடுத்தார். ஐந்தாவது செட்டில் 5-3 என்று வைத்துக்கொண்டு சர்வீஸ் போட்டு அதையும் விட்டார். பிறகு தீம் 6-5 என்று சர்வீஸ் போட்டுத் தானும் விட்டார். கடைசியில் டைபிரேக்கில், காலில் தசைப்பிடிப்போடு நொண்டிக்கொண்டே தீம் ஜெயித்தார். நம் ஊரில் அப்போது விடியற்காலை. பால் பாக்கெட் வந்துவிட்டது. இந்தக் கோப்பையை இரண்டு பேருமே வேண்டாம் என்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

இதில் எங்கள் பெரியப்பாவின் கருத்தைப் பதிவு செய்யாவிட்டால் வீட்டில் குழப்பம் வரும். அவர் பியோர்ன் போர்க் கட்சி. "1981-லே அமெரிக்க ஓப்பன் ஃபைனல்லே மெக்கென்ரோகிட்டே தோத்தான். பரிசளிப்புக்குக்கூட நிக்காம கார் ஏறிப் போயிட்டான். பதினோரு கிராண்ட்ஸ்லாம், வயசு இருபத்தஞ்சு. அப்புறம் அந்தப் பக்கமே திரும்பலை. எப்போ எழுந்திருக்கணும்னு தெரிஞ்சவன்டா அவன்" என்பார். இதைச் சொல்கிறவர் எங்கள் அடுக்ககத்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் செயலாளர். புதிதாகக் குடிவந்த யாராவது தேர்தல் பற்றிப் பேச்செடுத்தால், தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் சூட்சுமம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிபடாது என்று சொல்லிவிடுவார்.

ஆனால் அவர் தொட்ட இடம் சரியான இடம்தான். அந்தக் காலத்தில் மனிதர்கள் எழுந்து போனார்கள். பீட் சாம்ப்ரஸ் 2002-இல் தன் 14-ஆவது கோப்பையை வென்றபோது வயது 31. அதன்பின் ஒரு போட்டி ஆடவில்லை. இனி 14-ஐ யார் தொடப்போகிறார்கள் என்று உலகமே சொன்னது. ஏழே வருஷம். 2009 விம்பிள்டனில் சாம்ப்ரஸே வந்து உட்கார்ந்து பார்க்க, ஐந்தாவது செட்டை 16-14 என்று ராடிக்கிடமிருந்து பிடுங்கி ஃபெடரர் 15-ஆவதை எடுத்தார். அதோடு அவரும் எழுந்திருப்பார் என்று பார்த்தால், முப்பத்தைந்து தாண்டியும் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குப் பிறகு ஃபெடரர் 4, நடால் 8, ஜோகோவிச் 12. முப்பதைத் தாண்டியபின் இவர்கள் மூவரும் சேர்ந்து 24 வாங்கியிருக்கிறார்கள். அதாவது, ஓய்வூதியக் காலத்தில் மட்டுமே இன்னொரு ஜோகோவிச்.

இது இவர்களால் எப்படி முடிந்தது? பாலியெஸ்டர் நரம்பு வந்து, மட்டையை எவ்வளவு வீசினாலும் பந்து சுழன்று கோட்டுக்குள் விழ ஆரம்பித்தது. விம்பிள்டன் 2001-இல் புல்லின் வகையை மாற்றியது. பந்து நின்று எழும்பியது. சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடுகிற கூட்டத்தின் பிழைப்பு போயிற்று. அதே வருஷம் 16 பேராக இருந்த தரவரிசை ஆட்டக்காரர் பட்டியல் 32 ஆனது. முதல் இரண்டு சுற்றில் பெரியவர்கள் மோதும் ஆபத்து ஒழிந்தது. பரிசுப் பணம் பெருகியதில் உச்சியில் இருப்பவர் பிசியோ, சமையல்காரர் என்று ஒரு பரிவாரத்தோடு வருவார்; நூறாவது இடத்துப் பையன் விமான டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்ப்பான். இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்த வசதி எல்லாம் அவர்கள் காலத்தில் ஆடிய மற்றவர்களுக்கும் இருந்ததே. 2012 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் 5 மணி 53 நிமிஷம் நடாலோடு ஆடி ஜெயித்த ஜோகோவிச், அன்றைக்கு விருந்தாகச் சாப்பிட்டது ஒரு துண்டு சாக்லேட். 2010-க்குப் பிறகு முதல் தடவையாம். நடாலோ, தண்ணீர் பாட்டிலின் லேபிள் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதில் எந்தச் சாஸ்திரிகளுக்கும் குறையாத ஆசாரம் பார்த்தவர். இவர்களோடு போட்டி போட வெறும் திறமை போதாது, கொஞ்சம் பித்தும் வேண்டும்.

நடால் என்றதும் நுங்கம்பாக்கம் ஞாபகம் வருகிறது. 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் அங்கே நடந்தது, பெரும்பாலான வருஷங்களில் ஜனவரி முதல் வாரத்தில். பெரியப்பாவுக்கு அது மார்கழி சீசனின் நீட்சி. மதியம் சபா கேன்டீனில் அடை அவியல், சாயங்காலம் ஸ்டேடியம். 2008 அரையிறுதியில் நடாலும், அதே மயோர்க்கா தீவைச் சேர்ந்த அவருடைய நண்பர் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். மூன்று செட்டும் டைபிரேக், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடால் ஜெயித்தார். மறுநாள் இறுதியில் ரஷ்யாவின் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். கால் நகரவில்லை. பெரியப்பா படியிறங்கும்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்: "நல்ல பையன்தான். ஸ்டாமினா பத்தாது." அந்த ஜூலையில்தான் விம்பிள்டனில் 4 மணி 48 நிமிஷம் ஆடி, இருட்டுகிற நேரத்தில் ஃபெடரரை வீழ்த்தினார் அந்த ஸ்டாமினா பத்தாத பையன். பெரியப்பாவிடம் கேட்டதற்கு, "நம்ம ஊர் வெயில் அவனைப் பதப்படுத்திடுத்து" என்றார்.

மூவரும் விட்டுவைத்த அந்த 15 கோப்பையிலும் நுங்கம்பாக்கத்துக்குப் பங்கு உண்டு. நான்கு தடவை இங்கே கோப்பை வென்ற வாவ்ரிங்கா மூன்று கிராண்ட்ஸ்லாம் எடுத்தார். இரண்டு தடவை வென்ற சிலிச் ஒன்று எடுத்தார். 2017-இல், கையும் காலும் தத்தம் இஷ்டத்துக்குப் போக, இருபது வயது மெத்வதேவ் இங்கே இறுதியில் பௌதிஸ்தா அகூத்திடம் தோற்றார். அடுத்த வருஷம் போட்டியே புனேவுக்குப் போய்விட்டது. அதற்கு மெத்வதேவ் காரணம் இல்லை.

அந்த மெத்வதேவ் 2021 அமெரிக்க ஓப்பன் இறுதியில் ஜோகோவிச்சை நேர் செட்டில் தோற்கடித்து, ஒரே வருஷத்தில் நான்கையும் வெல்லும் அவருடைய கனவைக் கலைத்தார். சரி, இளைஞரணி விழித்துவிட்டது என்று நினைத்தோம். நான்கு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி. இரண்டு செட் முன்னிலை, மூன்றாவது செட்டில் 3-2, நடாலின் சர்வீஸில் 0-40. எதிரே 35 வயது மனிதர், காலில் தீராத கோளாறு. அங்கிருந்து ஐந்து செட்டுக்குப் போய் நடால் ஜெயித்தார். அன்று இரவு மெத்வதேவ் பத்திரிகையாளர்களிடம் டென்னிஸைப் பற்றிப் பேசாமல், தனக்குள் கனவு கண்ட ஒரு சிறுவனைப் பற்றிப் பேசினார். அந்தச் சிறுவன் இனிமேல் கனவு காணமாட்டான் என்கிற மாதிரி. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. 1990-களில் பிறந்த அந்தத் தலைமுறையை மன்னித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் இரண்டு பேர் வந்தார்கள். இத்தாலியின் யானிக் சின்னர், பிறப்பு 2001. ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸ், பிறப்பு 2003. இளைஞரணியில் சேரவே இல்லை. நேராகத் தலைமைக் கழகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். 2024, 2025 என்ற இரண்டு வருஷத்தின் எட்டு கிராண்ட்ஸ்லாமும் இவர்களுக்கே, ஆளுக்கு நான்கு.

அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. ஃபெடரர் அவனுக்கு வாட்ச் விளம்பரத்தில் வருகிற அங்கிள். 2025 ஃபிரெஞ்ச் ஓப்பன் இறுதியை அவனோடுதான் பார்த்தேன். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்தது. நாலாவது செட்டில் சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். "முடிஞ்சுது, சாப்பிட வாங்கோ" என்றார் பெரியப்பா. அல்கராஸ் மூன்றையும் காப்பாற்றி, நடுநிசி வரை ஆடி, 5 மணி 29 நிமிஷத்தில் ஜெயித்தார். அந்த மைதானத்தின் மிக நீளமான இறுதி. தோசை ஆறி விறைத்துவிட்டது.

நான் குறை தேடினேன். "எல்லாம் சரிடா, ஃபெடரர்கிட்ட இருந்த அந்த அழகு இதுல இல்லையே" என்றேன். பையன் செல்போனைத் தடவி, 2019 விம்பிள்டன் இறுதியைக் காட்டினான். 8-7, 40-15, ஃபெடரர் சர்வீஸ். இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். மொத்தப் புள்ளிகளில்கூட ஃபெடரருக்கு 218, ஜோகோவிச்சுக்கு 204. தோற்றது ஃபெடரர். "மாமா, அழகா தோத்தா போதுமா உங்களுக்கு?" என்று கேட்டான். அக்கா வளர்ப்பு சரியில்லை.

சின்னரும் அல்கராஸும் அந்த மூவருக்கு ஈடாவார்களா என்று யாராவது கேட்டால், ஆட்டத்தில் ஏற்கெனவே ஈடுதான் என்று நான் சொல்லிவிடுவேன். 2025 முடிவில், இருபத்திரண்டு வயதில், அல்கராஸிடம் ஆறு; அதே வயதில் நடாலிடம் ஆறு, ஃபெடரரிடம் மூன்று, ஜோகோவிச்சிடம் ஒன்றே ஒன்று. இந்தப் பட்டியலில் கடைசியில் நின்றவர்தான் எல்லாரையும் தாண்டினார் என்பதால், இருபத்திரண்டு வயதுக் கணக்கை வைத்து ஜாதகம் எழுத நான் தயாரில்லை. திறமை பற்றி எனக்குக் கவலையே கிடையாது. முப்பத்தாறு வயதில், வீடு நிறையக் கோப்பை இருக்கும்போது, விடியற்காலை எழுந்து சாக்லேட்டை மறுக்கும் பித்து இவர்களுக்கு இருக்குமா என்பதுதான் விஷயம். அல்கராஸ் தன்னைப் பற்றிய ஆவணப்படத்தில், இபிசா தீவுக்குப் போய் ஆட்டம் போடுகிற ஆசையை மறைக்கவே இல்லை. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். 24 வராமல் போனாலும் போகட்டும், ஊர் சுற்றிவிட்டு வரட்டும்.

ஆனால் மனசு கட்சி மாறுவதில்லை. 2025-இல் ஜோகோவிச், முப்பத்தெட்டு வயதுக்காரர், நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் அரையிறுதி வரை வந்தார். ஃபெடரர் பக்தனான நான் அந்த மனிதரை எத்தனை வருஷம் சபித்திருக்கிறேன்! செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் அரையிறுதி, அவரும் அல்கராஸும். நள்ளிரவு தாண்டி ஆரம்பம். ஜோகோவிச் ஒரு பந்தை மூலையில் இறக்கியதும் என்னையறியாமல் "சபாஷ்" என்று கத்திவிட்டேன். பையன் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, இவர்தானே உங்க வில்லன்?"

"வில்லன்தான். ஆனா எங்க காலத்து வில்லன்டா."

பெரியப்பா சோபாவில் கண்ணை மூடியபடியே, "போர்க் இருந்தா ரெண்டு பேரையும் நேர் செட்லே முடிச்சிருப்பான்" என்றார். அல்கராஸ்தான் நேர் செட்டில் முடித்தார்: 6-4, 7-6, 6-2.