பிடியியல்: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

பழையது விற்போன் பழம்பிடி கழற்றிப்
புதுப்பிடி பூட்டல் பொருந்துமோ எனினே
பொருந்தா தென்ப சேகரிப் போரே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், பழைய ரிவால்வர் ஒன்றை விற்கப் புகுந்தவன் அதன் பிடிப்பலகையை மாற்றலாமா, கூடாதா என்பதை உணர்த்துதல் நுதலிற்று. ஆக்கியோன் அடியேன், பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டு இலக்கணம் நடத்தி ஓய்ந்தவன். ஆக்கிய இடம், ஒஹையோவில் மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கராஜ். காலம், ஆறு மாத விசாவில் நான்காம் மாதம். அந்த மாதத்தில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதற்கு உரை எழுதத் தோன்றும். பயன், மகளிடம் திட்டு. "அப்பா, பார்க்குக்குப் போறேன்னு சொல்லிட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கிற வீட்டுல போய் உக்காந்திருக்கீங்களே!"

பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்பதைத் தாண்டியவர். வீட்டை ஒழித்துவிட்டு மகனோடு போகிறார். கராஜில் பரப்பி வைத்த சாமான்களுக்கு நடுவே அவருடைய அப்பாவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இருந்தது. .38 காலிபர், விக்டரி மாடல் என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்தது. பளபளப்பில்லாத சாம்பல் பூச்சு, அடியில் கயிறு கட்ட ஒரு வளையம், எண்ணுக்கு முன்னால் 'வி' என்ற எழுத்து. படைகளுக்கு மட்டுமல்ல, போர்த்தளவாடம் செய்த ஆலைகளின் காவலர்களுக்கும் அந்நாளில் இதைக் கொடுத்தார்கள். அப்பா அப்படியொரு காவலர். பிடி, மொழுமொழுவென்ற வால்நட் பலகை இரண்டு. கைவியர்வை ஏறி ஏறி எங்கள் வீட்டு உலக்கையின் நடுப்பகுதி போலக் கறுத்திருந்தது. ஒரு பலகையின் கீழ் மூலையில் மயிரிழை போல விரிசல்.

பெரியவர் கடையிலிருந்து ஒரு புது ஜோடி வாங்கி வைத்திருந்தார்: பிளாஸ்டிக், வெள்ளை வெளேரென்று, தந்தம் மாதிரி. இதை மாட்டினால் நல்ல விலை வருமா என்பது அவர் வினா. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லையா? நியாயமான வினாதான்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. பிடி என்பது கைப்பிடி. பிடி என்பது பெண் யானையும். நம் நாட்டுப் பிடிக்கு வெளியே நீளும் தந்தம் கிடையாது, களிற்றுக்குத்தான் உண்டு. ஆப்பிரிக்காவில் பிடிக்கும் உண்டு. எனவே தந்தப்பிடி என்னும் தொடர் ஆப்பிரிக்காவில் வழாநிலை, முதுமலையில் வழு. இந்த நயத்தைப் பெரியவருக்கு விளக்க முயன்றேன். மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

தந்தப்பிடிக்கு மேற்கோள் அமெரிக்கப் படையின் ஜெனரல் பேட்டன். 1916இல் எல் பாசோவில் அவர் வாங்கிய கோல்ட் ரிவால்வருக்குத் தந்தப்பிடி, அதில் அவர் பெயரின் முதலெழுத்துகள். முத்துச்சிப்பிப் பிடி என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதருக்குக் கடுங்கோபம் வரும். இன்றோ தந்தம் என்றாலே சட்டம் குறுக்கே நிற்கிறது. 2016இல் வந்த விதிப்படி ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலம் விட்டு மாநிலம் விற்பது அநேகமாக முடியாது. நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கு ஒரு விலக்கு. இன்னொரு விலக்கு, 200 கிராமுக்கு மேற்படாமல் ஒரு பொருளின் உறுப்பாகப் பொருந்தியிருக்கும் தந்தத்துக்கு. அதற்கும் நிபந்தனைகள் நீளம். அதாவது துப்பாக்கியோடு ஒட்டியிருக்கும் பலகைக்குக் கிடைக்கும் சலுகை, கழற்றித் தனியே விற்கும் பலகைக்கு இல்லை. இடைச்சொல் தனித்து நடவாது என்று நாற்பது பேர் கொண்ட வகுப்பில் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்க வனவிலங்குத் துறைக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கிறது.

மரப்பிடிக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்நாட்டுச் சட்டம் துப்பாக்கி என்று கருதுவது எண் பொறித்த உலோகச் சட்டகத்தை மட்டுமே. பிடி வெறும் மரம். வளையல் அனுப்புவது போலத் தபாலில் அனுப்பலாம். சட்டத்தின் கண்ணுக்குச் சட்டகம் உயிர், பிடி சட்டை.

சட்டையை மாற்றினால் ஆள் மாறுவானோ எனின், மாறுவான் என்பது சேகரிப்போர் துணிபு. 1873 மாடல் கோல்ட்டைப் படைக்கு வாங்கியபோது சோதனையாளர் தம் முத்திரையை வால்நட் பிடியில்தான் குத்தினார். பிடி போனால் முத்திரையும் போயிற்று. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலோ வலப்பலகையின் உட்புறத்தில் துப்பாக்கியின் எண்ணையே போட்டுவிடுவார்கள். 'படையப்பா'வில் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் இரவல் சட்டை அம்பலமாகும் காட்சி நமக்குச் சிரிப்பு. இவர்களுக்கு அது துக்கம்.

விரிசல் விலையைக் குறைக்காதோ எனின், குறைக்கும். பிளாஸ்டிக் அதனினும் குறைக்கும். வெள்ளையை மாட்டிப் பழையதைப் பையில் போட்டுக் கொடுத்தால் ஆகாதோ எனின், ஆகும். ஆனால் படத்தில் வெள்ளையைக் கண்டவன், வெளியே இதை மாற்றியவன் உள்ளே எதையெல்லாம் மாற்றினானோ என்று ஐயுறுவான். விரிசலைப் பசை வைத்து மறைத்தால் என்னை எனின், அது பாவம்; உரை வேண்டா.

இவ்வளவும் மகள் வாயிலாகச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம். பெரியவர் ஒப்புக்கொண்டார். விளம்பரத்தில் போட உள் எண்ணையும் படம் எடுத்துவிடலாம் என்று திருப்புளியை எடுத்தார். பழைய பலகையை நகத்தாலோ கத்தி முனையாலோ நெம்பக் கூடாது, பிளந்துவிடும். திருகாணியை மூன்று சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் திருப்புளியின் கட்டையால் மெல்லத் தட்டினார். எதிர்ப்பக்கப் பலகை பெருமூச்சு விட்டது போல எழும்பி வந்தது. அடுத்து வலப்பலகையைத் திருப்பினார். காற்றும் கையும் படாத உட்புறம் புது மரம் போல வெளுப்பாக இருந்தது; ஓரத்தில் பஞ்சு போலத் தூசி; நடுவில் குத்திய எண். மகள் போன் விளக்கை அடித்தாள். சட்டகத்தின் அடிப்பக்கத்து எண்ணையும் படித்தோம். மறுபடி படித்தோம். கடைசி மூன்று இலக்கம் ஒட்டவே இல்லை.

பலரும் ஒரே மேசையில் துடைத்து எண்ணெய் போடும் இடத்தில் இது நடக்கும். பத்துப் பிடி கழற்றிக் கிடந்தால், கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுவார்கள். வியர்வை அப்பாவுடையது, மரம் இன்னொருவருடையது. என் நூற்பாவில் பழம்பிடி என்ற சொல்லுக்கு இனி என்ன பொருள் கொள்வது என்று நான் தாடையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் இரண்டு எண்களையும் ஒரு அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்படியானால் எங்கள் பிடி இப்போது யாரிடம் இருக்கிறது?" என்றார். பிறகு பலகைகளைப் பொருத்தி, திருகாணியை அளவாக முடுக்கிவிட்டு, வெள்ளை ஜோடியின் ரசீதைத் தேட ஆரம்பித்தார்.