சிட்டைக்கு வாய்த்த வதிவுரிமை

பலெர்மோ நகரில் அடியேனுடைய கணக்கைப் பரிபாலித்துவரும் வங்கியின் மேலாளர், கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

இவ்விடம் க்ஷேமம் என்று தொடங்குவது எங்கள் ஊர்க் கடித மரபு. மரபை மீற மனமில்லையாயினும், என் கணக்கில் இன்று காலை 31 யூரோவும் சில சதங்களும் மாத்திரமே எஞ்சியிருப்பதைத் தாங்கள் இருந்த இடத்திலிருந்தே கண்டுகொள்ளக்கூடுமாதலால், பொய் எழுதத் துணிவில்லை. அவ்விடத்து க்ஷேமத்தைப் பற்றியோ எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. பணம் போதாமல் திரும்பிப்போன ஒவ்வொரு பற்றுக்கும் தாங்கள் என்னிடம் அறவிட்ட கட்டணமே அதற்குப் போதிய சாட்சி.

யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பித்தவனும், 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் திசைக்கொருவராய்ச் சிதறிய குடும்பமொன்றிலிருந்து இந்தச் சிசிலித் தீவில் வந்து ஒதுங்கியவனும், பல்லாரோச் சந்தையின் கூச்சல் ஜன்னல் வழியே ஏறிவரும் மூன்றாம் மாடியறையில் வசிப்பவனும், மூன்று வீடுகளில் தரை துடைத்துச் சீவிப்பவனுமாகிய நான், தங்கள் நேரடிப் பற்று முறையின் மகிமையை வியந்து எழுதும் விண்ணப்பம் இது.

கட்டணங்கள் தாமாகவே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் இந்த ஏற்பாட்டை இத்தாலியர் ‘தொமிச்சிலியாத்சியோனே’ என்கிறார்கள். பழைய தொழில்வாசனையால் அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். வதிவிடம் கொடுத்தல் என்பதே அதன் தாற்பரியம். ஆகவே, என் மின்சாரச் சிட்டை என் கணக்கிலே சட்டபூர்வமாகக் குடிவந்துவிட்டது! எவ்வளவு சுலபமாக வந்தது! விடிகாலையில் வரிசையில் நிற்கவில்லை. பத்து விரலுக்கும் ரேகை வைக்கவில்லை. வருமானச் சான்று காட்டவில்லை. என்னுடைய ஒரே கையொப்பத்தில் அதற்கு வதிவுரிமை கிடைத்தது. இந்நாட்டில் நெடுங்கால வதிவுரிமை கேட்கும் தகுதியைப் பெறுவதற்கே நான் ஐந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்து காட்டவேண்டியிருந்தது. அதுவரையில் உழைப்பு நின்றால் என் அனுமதி ஆட்டங்காணும் என்ற அச்சம் நீங்கியதில்லை. சிட்டையின் அனுமதியோ, அது 36 மாதம் தொடர்ந்து ஒரு சதமும் கேளாமல் சும்மா இருந்தாலொழியக் காலாவதியாவதில்லை. தனியாகத்தான் வந்ததோ என்றால் அதுவுமில்லை. 2016 முதல் தொலைக்காட்சிக் கட்டணமும் மின்சாரச் சிட்டையின் மடியில் ஏறி உட்கார்ந்து, தை தொடங்கிப் பத்துத் தவணையாக வந்துபோகிறது. குடிவந்தவர் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்த கதைதான்.

இனி நாள் விஷயத்துக்கு வருகிறேன். சிட்டை, குறித்த தேதியில், நான் தேநீருக்கு வெந்நீர் வைக்குமுன்னரே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. என் சம்பளம் எப்போது வருமென்று, நான் வேலைசெய்யும் வீட்டுச் சின்யோராவைக் கேட்டால், ‘தொமானி’ என்கிறார். நாளை என்று அகராதி பொருள் கூறும் அச்சொல், சம்பளத்தோடு சேருங்கால் வருகிற வியாழன் முதல் ஆவணி மாதம் வரையில் எந்த நாளையும் குறிக்கவல்ல பலபொருள் ஒருசொல்லாகிவிடும் என்பதை அனுபவத்தால் அறிந்தேன். அவர் கெட்டவரல்லர்; மறதியுள்ளவர். கூலியை ரொக்கமாகக் கொடுத்தலாகாது என்று 2018 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த சட்டமும் வீட்டு வேலைக்காரரை அதற்குப் புறம்பாக விட்டுவைத்திருப்பதால், எனக்குச் சேரவேண்டிய பணம் கடித உறைக்குள் புகுந்து, கைப்பைக்குள் உறங்கி, உடையவருடைய ஞாபகம் என்றைக்கு விழிக்கிறதோ அன்றைக்கு வெளிப்படுகிறது. வரும் பணம் மனிதருடைய மறதியையும், போகும் பணம் இயந்திரத்தினுடைய ஞாபகத்தையும் நம்பியிருக்க, இரண்டுக்கும் நடுவே திண்ணைபோல் கிடக்கிறது என் கணக்கு.

எங்கள் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் உண்டு, எமகண்டம் உண்டு. ஆனால் அவை ஒன்றரை மணி நேரத்தில் கழிந்துவிடும். தங்கள் பஞ்சாங்கத்தையும் நான் சிரத்தையோடு கற்றிருக்கிறேன். சனியும் ஞாயிறும், புத்தாண்டும், பெரிய வெள்ளியும், அதையடுத்த உயிர்ப்புத் திங்களும், மே 1ஆம் நாளும், டிசம்பர் 25, 26ஆம் நாள்களும் யூரோவுக்கு ஓய்வுநாள்கள். அந்நாள்களில் விழும் பற்று அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகிறது. ஏழைக்கு இரங்குவதற்காக அன்று, இயந்திரம் இளைப்பாறுவதற்காக. 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து இந்நகரத்தைக் காத்ததாகப் போற்றப்படும் புனித ரொசாலியாவின் திருநாளான ஜூலை 15இல் பலெர்மோ முழுவதும் விடுமுறை கொண்டாடினாலும், யூரோவின் பஞ்சாங்கத்தில் அவருக்கு இடமில்லை. ஊர் தெய்வத்தை நினைக்கும் அன்றைக்கும் சிட்டை என்னை நினைக்கிறது.

அந்தப் புனிதையைக் குறிப்பிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. சைவராகிய நாங்களும் பெல்லெக்ரீனோ மலையேறி அவருடைய குகைக்கோயிலில் நேர்த்தி வைப்பதுண்டு. நேர்த்திக்கடன் என்பதும் கடன்தானே? கால் சுகமானபின் மலையேறுகிறேன் என்றால் அம்மையார் பொறுத்திருக்கிறார். சொன்ன நாள் தவறினால் மெழுகுவர்த்திக்கு மேல் அபராதம் கேட்டதில்லை. ஊரில் எங்கள் சந்திக்கடை முதலாளியும் அப்படித்தான். “வாத்தியார், காசு வரேக்கை தாருங்கோ, கொப்பியிலை எழுதிவிடுறன்” என்பார். இங்கே நாங்கள் எமக்குள் பிடிக்கும் சீட்டிலும், “அக்கா, இந்த மாதம் ஒரு கிழமை பொறுங்கோ” என்ற ஒரு வார்த்தைக்கு இடமிருக்கிறது. நாள் தவறுவது அங்கெல்லாம் நாணத்துக்குரியதுதான், குற்றமன்று. நாணத்தைக் கட்டண அட்டவணையில் சேர்த்த பெருமை தங்களுடையது.

தங்கள்மேல் முழுப்பழியும் சுமத்துவது நியாயமன்று. சட்டம் எனக்கும் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. இத்தாலியின் பழைய ‘ரிட்’ பற்றுமுறை ஒழிந்து ஐரோப்பியப் பொதுமுறை 2014இல் வந்தபோது தங்கள் கிளை எனக்குத் தந்த கையேட்டை, மூக்குக்கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் ஒருங்கே பிடித்து வாசித்தேன். எடுக்கப்போகும் தொகையையும் நாளையும், வேறு உடன்பாடு இல்லையாயின், 14 நாளுக்கு முன்பே வசூலிப்பவர் எனக்கு அறிவித்தல் வேண்டும். அந்நாளுக்கு முந்திய வேலைநாள் முடியுமுன், ‘இம்முறை கொடாதீர்’ என்று நான் தங்களைத் தடுக்கலாம். கொடுத்த பின்னும் எட்டு வாரத்துக்குள் காரணம் கூறாமலே திரும்பக் கேட்கலாம். என் அனுமதியே இல்லாத பற்றாயின் 13 மாதம் வரையிலும் கேட்கலாம். இவ்வளவுக்கு மேல் எடாதே, இன்னாருக்கன்றிக் கொடாதே என்று வரம்பு கட்டவும் 2012ஆம் ஆண்டின் 260ஆம் ஐரோப்பிய ஒழுங்குவிதி இடந்தருகிறது. எறும்பு எழுத்தில் அச்சிட்ட இத்தனை உரிமையும் இருக்க, பணம் போதாது என்ற செய்தியை மட்டும் ஏன் சிவப்பெழுத்தில் அனுப்புகிறீர்கள் என்பதே என் சந்தேகம்.

பற்றை நிறுத்தினால் கடன் நின்றுவிடாது என்பதை அறியாத பேதையல்லேன். நான் தடுத்தாலும் சிட்டை சிட்டைதான். தபால்நிலையத்தில் நானே போய்க் கட்டவேண்டும். ஏற்பாட்டையே ரத்துச் செய்துவிட்டாலோ, மின்சாரக்காரர் பிணைத்தொகை கேட்பது வழக்கம். கட்ட முடியாதவன், கட்ட முடியாமைக்கு முன்பணம் கட்டவேண்டும் என்னும் இந்தத் தருக்கத்தை எந்த நியாயநூலில் தேடுவது? நுகர்வோன் ஒருவனுடைய கணக்கு 500 யூரோவுக்கு மேற்படாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல், காலாண்டுக்கு ஒரு தடவை வரம்பு மீறினால் அதற்கு விசாரணைக் கட்டணம் வாங்கலாகாது என்றும் இந்நாட்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் மீறவிடுவதும் விடாததும் வங்கியின் சித்தம். விருந்துக்கு விலை இல்லை என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்துவதுபோல், தாங்கள் மீறவே விடாமல், பற்றைத் திருப்பியனுப்பி, அதற்கு வேறொரு பெயரில் கட்டணம் பெறுகிறீர்கள். பெயர்ச்சொல்லை இத்தனை இலாபமாகப் பயன்படுத்திய இலக்கண ஆசிரியரை நான் கண்டதில்லை.

ஆதலால் தங்களிடம் நான் யாசிப்பது பணமன்று. பத்தாம் தேதிக்குமேல் எடுத்துக்கொள்ளும்படி சிட்டைக்காரரிடம் கேட்கும் வழியைத் தங்கள் முகப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். பற்றுக்கு முந்திய நாள் என் இருப்புப் போதாதென்று கண்டால், மறுநாள் தண்டிப்பதற்குப் பதிலாக அன்றே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இயந்திரத்துக்கு என் கணக்கு முந்திய நாளே தெரியும், சொல்லத்தான் தெரிவதில்லை.

அதுவரைக்கும், அடுத்த பற்றுக்கு முந்திய வேலைநாளன்று காலையில், கதவு திறக்குமுன்னரே தங்கள் வாசலில் ஒரு தடைக் கடிதத்தோடு நின்றுகொண்டிருப்பேன். வேளை தவறாமை என்னும் நற்குணத்தைத் தங்கள் சிட்டையிடமிருந்துதான் கற்றேன். அதற்காகக் கட்டணமேதும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கிளையில் கணக்குள்ளவனும்,
தன் கணக்கில் தானே வாடகைக்கு இருப்பவனுமாகிய
ஒரு பழைய வாத்தியார்.