மருந்தடிக்கிற மிஷினும் மூன்றாம் மாடி ஜன்னலும்

ஜன்னல் கழுவ எந்த பம்ப் நல்லது என்று கேட்பவரிடம், உங்கள் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அவருக்குக் கோபம் வரும். மோட்டாரைப் பற்றிப் பேச வந்தவரிடம் உப்பைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் வராது? ஆனால் பம்ப் இந்த விஷயத்தில் தீர்ந்துபோன பிரச்சினை. வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு லிட்டர் டப்பா, 12 வோல்ட் பேட்டரி, கையளவு டயாஃப்ரம் பம்ப். தண்ணீரைப் பத்து மீட்டர் ஏற்ற ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் வேண்டும். மூன்றாம் மாடி ஜன்னல் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இந்தப் பம்ப் மூன்று பார் வரை சாதாரணமாகத் தள்ளும். இங்கிலாந்தில் ஜன்னல் கழுவுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் நீண்ட கழியின் நுனியில் பிரஷ் கட்டி, இதே இன பம்பால்தான் தண்ணீர் ஏற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது நாசிலை மட்டும். அது தண்ணீரைப் புகையாக்கிப் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டிக்கு அனுப்பிவிடும். அதைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷில் இரண்டு துளைகள் வழியாக நீரைப் பீய்ச்ச விட வேண்டும். துளை ரொம்பச் சின்னதாக இருந்தால் பிரஷர் சுவிட்ச் நொடிக்கொரு தரம் நின்று நின்று ஓடி, டக் டக்கென்று தெருவுக்கே அறிவிப்புக் கொடுக்கும். டப்பாவை முதுகில் மாட்ட வேண்டியதும் இல்லை. இருபது கிலோவைச் சுமந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பது கழுத்துக்குச் செய்யும் துரோகம்.

இனி உப்புக்கு வருவோம். டிடிஎஸ் ஆயிரம் என்றால் ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு. சென்னையில் பல போர்களில் அதற்குக் குறையாது. கண்ணாடியில் நிற்கும் துளி வெயிலில் காயும்போது தண்ணீர் காலி செய்துவிட்டுப் போகும். உப்பு மட்டும் வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் இங்கிலாந்துக்காரர்கள் ஆர்ஓ வழியாகவும் ரெசின் வழியாகவும் தண்ணீரை வடிகட்டி, டிடிஎஸ் பூஜ்யத்தை நெருங்கும்வரை விடுவதில்லை. அப்படிப்பட்ட தண்ணீரில் அலசினால் துடைக்கவே வேண்டாம், தானாகப் பளிச்சென்று காயும். போர் தண்ணீரை எவ்வளவு வேகமாக அடித்தாலும் திட்டுகளைத்தான் வேகமாக உற்பத்தி செய்யலாம்.

குடிக்கத் தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிற ஊரில் கண்ணாடிக்கு ஆர்ஓ தண்ணீரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் தருவதற்குள் அதைவிட அதிகமாக வெளியே தள்ளும். அந்தக் கழிவு நீரை வீணாக்காமல் ஜன்னலுக்கு ஊற்றலாம் என்று கிளம்பும் சிக்கனக்காரர், இருக்கிற உப்பையெல்லாம் திரட்டிக் கண்ணாடிக்கு அபிஷேகம் செய்கிறார். விடை பால்கனியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியிலிருந்து வடிவது காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்ட நீர். தூசி இருக்கும், கரைந்த உப்பு கிட்டத்தட்ட இருக்காது. புழுக்கமான ராத்திரியில் லிட்டர் கணக்கில் சேரும். துணியில் வடிகட்டினால் போதும். மழைநீரும் அப்படியே. ஏசி நீர் குடிக்கத்தான் ஆகாது, கண்ணாடி குடிப்பதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் ஊறிய பழைய கறையை இது கரைக்காது. அதற்கு முதலில் வினிகர் வேண்டும்.

இவ்வளவு எதற்கு, பையனை சன்ஷேடில் ஏற்றித் துடைக்கச் சொன்னால் போயிற்று என்பது அடுத்த வாதம். சன்ஷேடு வெயிலைத் தடுக்கக் கட்டியது, பையனைத் தாங்க அல்ல. உயரத்தில் ஏறாமல் முடிகிற வேலையை ஏறாமலே முடிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 2005 முதல் விதியே இருக்கிறது. மிஷினை மட்டும் புதிதாக வாங்குங்கள். களைக்கொல்லி அடித்த டப்பாவை ஊரிலிருந்து இரவல் கொண்டுவந்தால் கண்ணாடி சுத்தமாகும், கீழே உள்ள துளசி மாடம் காலியாகும். ஈரக் கழியை இபி கம்பி பக்கம் நீட்டவே கூடாது. அந்தப் பக்கத்து ஜன்னல் அழுக்காகவே இருக்கட்டும். துடைத்தாலும் அதில் தெரியப்போவது டிரான்ஸ்ஃபார்மர்தான்.