அங்கணத் தண்ணீர்க் கோட்பாடு: நெல்லைப் புறவாசல் குறித்த ஓர் ஆய்வு

கைக்காசு அதிகம் கரையாமல் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போடுவது எப்படி என்ற பொருளில் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வு தெர்மாமீட்டரில் தொடங்கும். அமெரிக்க வேளாண்மைத் துறை 1960இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. ஆண்டின் கொடுங்குளிரில் எந்தச் செடி எங்கே பிழைக்கும் என்று பார்த்து நாட்டை மண்டலம் மண்டலமாகப் பிரித்தது. இன்றைக்கு அதில் 13 மண்டலங்கள். மூன்றாம் மண்டலத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போகும். தெர்மாமீட்டருக்குள் இருக்கும் பாதரசமே உறைந்துவிடும். பதின்மூன்றாம் மண்டலத்தில் அது 15.6 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பாளையங்கோட்டையை அந்தப் படத்தில் ஒட்டவைத்தால் கடைசி பெஞ்சில்தான் இடம் கிடைக்கும். இங்கே எந்தச் செடியும் குளிரில் சாவதில்லை. சாவதற்கு அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களையும், அவற்றை மீறிச் செடிகள் பிழைத்துக் கிடக்கும் விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் குளிர் பிரதேசமே கிடையாதா என்று ஒரு தடை எழும். உண்டு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருடக் குத்தகைக்கு வாங்கித் தேயிலை போட்ட மலை அது. தலைமுறைகளாக அங்கே லைன் வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்கள் 2024இல் மலையிறங்க நேர்ந்ததை இந்தக் கிண்டல் நடையில் எழுதக் கூடாது. ஆகவே ஆய்வெல்லையைச் சமவெளியோடு நிறுத்துகிறேன்.

ஆய்வுக் களம், தாமிரபரணிக் கரைப் பழைய வீடு. தெருவாசலில் நுழைந்தால் தார்சா, பிறகு பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை. அதையும் தாண்டினால் புறவாசல். வாசல் கோலத்துக்குக் கோலப்பொடி வாங்கும் குடும்பம் புறவாசலுக்கென்று ஒரு பைசா ஒதுக்கி நான் கண்டதில்லை. ஆனாலும் அம்பாசமுத்திரத்தில் பார்த்தாலும் ஸ்ரீவைகுண்டத்தில் பார்த்தாலும் ஒரே ஒழுங்கு: கழுவிய தண்ணீர் வெளியேறும் அங்கணத்தை ஒட்டி வாழை, துவைகல் பக்கம் சேம்பு, அடுக்களை வாசலில் கறிவேப்பிலை, எட்டாத மூலையில் முருங்கை. யாரும் வரைபடம் போடவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்படியானால் இதை வடிவமைத்தவர் யார்?

வடிவமைத்தது அங்கணத் தண்ணீர். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

காலையில் ஒரு அங்கணத்தின் வாயருகே நின்று பார்த்தால் விளங்கும். முதலில் வருவது அம்பை 16 அரிசி களைந்த தண்ணீர், பால்வெள்ளையாக. பிறகு ராத்திரிப் பாத்திரம் தேய்த்த தண்ணீர். அதில் நாலு பருக்கை, ஒரு கடுகு, ஒரு வெந்தயம். அதற்குப் பின் குளித்த தண்ணீர் நுரையோடு வரும். ஒரு சாண் அகல ஓடையில் எல்லாம் சேர்ந்து வாழை மூட்டுக்குப் போகின்றன. வாழை முதல் பந்தியில் உட்கார்ந்துகொள்ளும். அது குடித்து மிச்சம் வைத்ததில் சேம்பு தலையெடுக்கும். ஓடை மண்ணுக்குள் மறையும் இடத்தில் கனகாம்பரம் வாடியும் வாடாமலும் நிற்கும். அதற்கப்பால் காய்ந்த பூமி. காலில் தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும் முருங்கைக்கு அதுவே தோது. கறிவேப்பிலை மட்டும் இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. அதற்குப் புளித்த மோர் என்று தனி மானியம்.

பாத்திரம் தேய்க்கச் சாம்பலும் தேங்காய் நாரும், தலைக்குச் சீயக்காயும் இருந்த காலத்தில் ஓடைத் தண்ணீர் உரமாகவே இறங்கியது. சாம்பலில் சாம்பல்சத்து இருக்கிறது, வாழைக்கு அதில் தீராப் பசி. இப்போது வருவது சோப்புத் தூளும் திரவமும். இந்தப் பகுதியை இன்னும் விரித்தால் கட்டுரை உண்மையான ஆய்வாகிவிடும் அபாயம் இருப்பதால் அடுத்ததற்குப் போகிறேன்.

வேலி. டொரோண்டோ பக்கம் வேலிக்காலை ஏறக்குறைய நாலடி ஆழம் தோண்டி, கான்கிரீட் ஊற்றி நடுகிறார்கள். ஆழம் குறைந்தால் குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பி, காலை மேலே தள்ளிவிடும். தோட்டச் செலவில் ஒரு பங்கு இப்படிப் பூமிக்குள்ளேயே போய்விடுகிறது. இங்கே பூவரசம் போத்து ஒன்றை வெட்டி, ஒரு முழம் தோண்டி ஊன்றினால் வேலை முடிந்தது. அந்த ஊர் வேலிக்கால் நட்ட நாளிலிருந்து இற்றுப்போகிறது. இந்த ஊர் வேலிக்கால் மறு மாதம் இலை விட்டு, சில வருடத்தில் பூத்து, பீப்பீ ஊத இலை கொடுக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் வேலி என்று அழைப்பது எனக்குச் சம்மதமில்லை.

முதலீடு என்ற தலைப்பில் எழுத அதிகமில்லை. கன்று விலைக்கு வாங்குவது புறவாசல் சாஸ்திரத்தில் இழுக்கு. சுவர் மேலாகத் தலையை நீட்டி, “மதினி, இந்தக் கோழிக்கூட்டு வாழையில ஒரு கன்னு தாரியளா?” என்று கேட்க வேண்டும். “நீங்களே தோண்டிக்கிடுங்க” என்று பதில் வரும். தார் தள்ளியதும் ஒரு சீப்பு அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். கேட்காமல் எடுப்பதற்கும் இடமுண்டு: மணி பிளாண்ட் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று கௌரவமான குடும்பங்களே நம்புகின்றன. தொட்டி வகையில் பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், ஆவின் கவர். நாற்றுக்கு நிழல் தரக் கிழிந்த கோரைப்பாய். பத்தமடைப் பட்டுப்பாயை இதற்கு எடுத்தவர் எவருமில்லை.

இனி காலக்கணிதம். டொரோண்டோவில் மே 24ஐ ஒட்டி வரும் விக்டோரியா நாள் விடுமுறை வரை தக்காளி நாற்றை வெளியே நடமாட்டார்கள். கடைசி உறைபனிக்குப் பயம். அங்கே குடியேறிய நம் ஆட்களின் கறிவேப்பிலைத் தொட்டி அக்டோபரில் வீட்டுக்குள் வந்தால் வசந்தம் வரை கதகதப்பான அறையில் விருந்தாளியாகத் தங்கும். நெல்லையில் உறைபனியின் இடத்தில் அணை மட்டம். பேப்பரைப் பிரித்ததும், 143 அடி பாபநாசத்தில் எவ்வளவு, 118 அடி மணிமுத்தாற்றில் எவ்வளவு என்று ஒரு சென்ட் வயல்கூட இல்லாத ரிட்டயர்டு வாத்தியாரும் பார்ப்பார். காரணம் இருக்கிறது. கார் பருவத்துக்கோ பிசானப் பருவத்துக்கோ தண்ணீர் திறந்து, கோடகன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் ஓடினால்தான் பக்கத்துப் புறவாசல் கிணறுகள் ஊறும். கிணறு ஊறினால் தாராளமாகக் குளிப்பார்கள். தாராளமாகக் குளித்தால் வாழை தார் தள்ளும். சங்கிலி பொதிகை மலையில் தொடங்கி நம் வீட்டுக் குளியலறையில் முடிகிறது.

குளிர் நாட்டுப் பனிச்சுமைக்கு ஈடாக நமக்கு ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து, குலை தள்ளிய வாழையாகப் பார்த்துச் சாய்க்கும். முருங்கைக் கொப்பைப் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் மேல் போடும். அறிஞர்கள் இங்கே இரண்டு கட்சி: முருங்கை வேண்டும் என்போர், மழைக்கு அதன் மூட்டில் அப்பும் கம்பளிப்பூச்சியைப் பார்த்தவர்கள். இரண்டாம் கட்சியினர் மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு வருவார்கள். முதல் கட்சியினர் சாம்பாருக்குக் காய் கேட்டு வருவார்கள். பெரும்பாலும் இருவரும் ஒருவரே.

மண்மேடு அமைக்கும் கலையிலும் நாம் பின்தங்கவில்லை. பனம்பழக் கொட்டைகளைப் பொறுக்கி வந்து மேட்டுப் பாத்தியில் அடுக்கி மண் போட்டு மூடினால் புறவாசலில் ஒரு குன்று எழும்பும். மழை அதைப் பார்த்துக்கொள்ளும். தைப் பொங்கலுக்குத் தோண்டினால் பனங்கிழங்கு. குன்றை அவித்துத் தின்றுவிட்டு நிலத்தைச் சமப்படுத்தும் இந்த வடிவமைப்பு முறை குளிர் நாட்டு நூல்களில் விடுபட்டிருக்கிறது.

இத்தனையும் அங்கணம் மண்ணில் திறந்த வீடுகளுக்கே பொருந்தும். இப்போது புறவாசலை ஓரம் சாரம் விடாமல் சிமெண்ட் போட்டு மூடி, பூட்டுக்கல் பாவி, அடுக்களைத் தண்ணீரைக் குழாய் வழியே பாதாளச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு நர்சரியில் காசு கொடுத்துத் தொட்டிச் செடி வாங்கி, அதற்குக் குடிதண்ணீர் ஊற்றுகிறார்கள். நிலவடிவமைப்பில் செலவு என்ற இனம் நெல்லையில் நுழைந்தது அந்த இடத்தில்தான்.

எனவே வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொத்தனார் புறவாசலில் ஜல்லி கொட்டும் நாளன்று கூடவே நின்று, அங்கணத்தின் வாயருகே மூன்றடிக்கு மூன்றடி மண்ணை மட்டும் மூடாமல் விடச் சொல்லுங்கள். வாழைக் கன்றுக்குப் பக்கத்து வீட்டில் மதினி இருக்கிறார்கள்.