பஞ்சாங்கத்தை மூடு, வர்த்தமானியைத் திற

தம்பி, வெங்காயம் நட நாள் பாக்கவெண்டு பஞ்சாங்கத்தோடை வந்து நிக்கிறாய். கொப்பற்றை புத்தி அப்பிடியே இருக்கு. அதை மூடி வை. கொழும்பிலை வர்த்தமானி எண்டொரு பஞ்சாங்கம் அடிக்கிறாங்கள். வெங்காயத்துக்கு இப்ப ராகுகாலமும் சுபநேரமும் அதிலைதான்.

1970 தொடக்கம் 77 மட்டும் பிரதமரா இருந்த சிறிமா அம்மா வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் படலையைச் சாத்தி வைச்சவ. பாணுக்குக் கியூவிலை நிண்ட சனம் திட்டினது. செம்மண் தோட்டக்காரன் திட்டேல்லை, செத்தல் வித்த காசிலை கல்வீடு கட்டினவன். 77இலை ஜே.ஆர். ஆட்சிக்கு வந்து இறக்குமதியைத் திறந்துவிட, எங்கடை செத்தல் சாக்கோடை கிடந்தது. 1982 சனாதிபதித் தேர்தலிலை, சிறிமாவின்ரை விவசாய அமைச்சரா இருந்த ஹெக்டர் கொப்பேகடுவ யாழ்ப்பாண மாவட்டத்திலை ஜே.ஆரை விடக் கூட வாக்கெடுத்தவர். எங்கடை ஆக்கள் கொள்கைக்காகத்தான் புள்ளடி போட்டவை எண்டு நீ நம்பினால், நம்பு ராசா.

இப்ப படலை அரைவாசி திறந்தபடி. 2007ஆம் ஆண்டுச் சட்டமொண்டிலை ‘விசேட வியாபாரப் பண்ட அறவீடு’ எண்டு இறக்குமதிச் சாமானுக்குக் கிலோவுக்கு இவ்வளவு ரூபா போடுவாங்கள். அறுவடை நேரம் கூட்டுவாங்கள், சாமான் விலை ஏறினால் குறைப்பாங்கள். கூட்டப் போறாங்கள் எண்ட மணம் உனக்கு முந்திப் புறக்கோட்டை முதலாளிக்கு அடிச்சிடும். பழைய வரிக்கே கப்பலை இறக்கிப்போட்டு அவர் இருப்பார். நீ மருதனார்மடச் சந்தையிலை வெங்காயப் பிடியோடை விலை ஏறுமெண்டு குந்தியிரு.

கப்பலிலை கூடுதலா வாறது பெரிய வெங்காயம்தானே, சின்ன வெங்காயக்காரனுக்கு அதிலை என்ன வேலை எண்டு கேப்பாய். பெரிசு மலிஞ்சால் சின்னனை உரிச்சு ஆர் கண்ணீர் விடுவினம்? கொழும்பு மனுசி மினக்கெடமாட்டா.

டில்லியையும் ஒருக்காப் பார். 2023 ஆகஸ்டிலை வெங்காய ஏற்றுமதிக்கு 40 வீத வரி போட்டாங்கள், டிசெம்பரிலை முழுசா மறிச்சாங்கள். இலங்கைச் சனம் வெங்காயத்தை விட்டதே? பாகிஸ்தானிலையும் சீனாவிலையும் இருந்து இறக்கித் திண்டது. பிறகு 2024 ஏப்பிரலிலை எங்களுக்கெண்டு 10,000 தொன்னுக்கு மட்டும் டில்லி கதவைத் திறந்தது. வரி போட்டால் கப்பல் நிக்காது மோனை, துறைமுகத்தைத்தான் மாத்தும்.

நடுறதெண்டால் நடு. வரியை நம்பி இரண்டு பரப்புக் கூட்டி நடாதை, அதைக் காட்டி வங்கியிலை கடனும் எடாதை. நாளைக்குக் கமக்காரர் அமைப்புக்குப் போய், நடுகைக்கு முந்தி வரியைச் சொல்லு, அறுவடை முடியுமட்டும் அதிலை கை வையாதை எண்டு கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதுவி. கையெழுத்துப் போட நானும் வாறன்.