போடாத விண்ணப்பம்

நூறு வருஷத்துக்கு முன்பு சென்னை ராஜதானியில் எந்த ஆபீஸ் நாற்காலியை எட்டிப் பார்த்தாலும், ஜனத்தொகையில் 3 சதவீதம்போல இருந்தவர்களே உட்கார்ந்திருந்தார்கள். கேட்டால் ‘திறமை’ என்றார்கள். அக்ரஹாரத்தில் மட்டும் அது முப்போகம் விளைவதன் மர்மத்தை எந்த விவசாய அதிகாரியும் விளக்கவில்லை.

1921-இல் முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசர், அரசு வேலைகளைப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவு போட்டார். ஃபைல் சுகமாகத் தூங்கியது. அதைத் தட்டி எழுப்பியவர் அமைச்சர் முத்தையா முதலியார். 12 வேலை இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், கிறிஸ்தவர் தரப்புக்குத் தலா 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. சமூகநீதி பேசியவர்கள் கையும் கடைசி இடத்தில் கொஞ்சம் சுருங்கித்தான் போயிருந்தது. 1947-இல் கணக்கு 14 ஆனபோது அந்த 1, 2 ஆனது. காலேஜ் சீட்டுக்கும் இதே கணக்குதான்.

நாடு குடியரசானது. ‘எல்லாரும் சமம்’ என்று எழுதிய மை காய்வதற்குள் செண்பகம் துரைராஜன் என்பவர் கோர்ட்டுக்குப் போனார். மெடிக்கல் காலேஜில் சீட் மறுத்துவிட்டார்களா? அதுதான் இல்லை. அவர் விண்ணப்பமே போடவில்லை! விசாரித்ததில், பிராமணர் என்பதால் கிடைக்காது என்று தெரிந்ததாம். சரி, அப்ளிகேஷன் காகிதம் மிச்சம். கூடவே, இன்ஜினீயரிங் சீட்டுக்காக சீனிவாசன் என்பவரும் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சட்ட வரைவுக் குழுவிலேயே இருந்தவர்!

சென்னை மாநிலத்தின் நாலு மெடிக்கல் காலேஜிலும் சேர்த்து 330 சீட். அதில் 12, அரசு தன் இஷ்டத்துக்குக் கொடுப்பது. திறமைக்காக நடந்த அந்த வழக்கு இந்தப் பன்னிரண்டைப் பற்றியது அல்ல என்பதைக் கவனிக்கவும்.

1951 ஏப்ரல் 9, சுப்ரீம் கோர்ட்: ஏழு நீதிபதிகள், ஒரே தீர்ப்பு, உத்தரவு செல்லாது. முன்னதாக ஹைகோர்ட் இதையே சொன்னபோதே பெரியார் தெருவில் இறங்கிவிட்டார்; மாணவர்களும் இறங்கினார்கள். ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. சென்னையில் நடந்ததால்தான் இது என்று நேருவே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே திருத்தத்தில் பேச்சுரிமைக்கும் கடிவாளம் மாட்டினார் என்பது தனிக் கதை.

சலுகை யாருக்கு என்பதற்கு, சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோர் என்று திருத்தத்தில் எழுதினார்கள். ‘பொருளாதாரத்திலும்’ என்று சேர்க்கலாமே என்ற யோசனை அன்று எடுபடவில்லை. 2019-இல் எடுபட்டது. ஜனவரி 8 மக்களவை, 9 மாநிலங்களவை, ஏற்கெனவே இடஒதுக்கீடு இல்லாத, பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு மட்டும் 10 சதவீதம் வரை. இந்த முறை யாரும் தெருவில் இறங்க வேண்டியிருக்கவில்லை.