தடவத் தடவப் படரும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் ஒருவர், தொடை இடுக்கைச் சொறிந்தபடி ஒரு மருந்துக்கடை முன் நிற்கிறார். நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. “இதைத் தேய்ங்க அண்ணாச்சி, ரெண்டே நாள்” என்று ஒரு டியூப் மேசைமேல் விழுகிறது. டாக்டர் சீட்டா? கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே!

டியூபின் பின்பக்கப் பொடியெழுத்தைப் படியுங்கள். டெர்பினஃபின், பூஞ்சைக்கு. சரி. ஓஃப்லாக்சசின், பாக்டீரியாவுக்கு, பாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்தவர் யாருமில்லை. ஆர்னிடசோல், குடலில் அமீபா புகுந்தவருக்குக் கொடுப்பது. தொடையில் அமீபாவுக்கு என்ன வேலை என்பதைத் தயாரித்த மேதைகள்தான் சொல்ல வேண்டும். கடைசியாகக் குளோபெட்டசால், பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே படுவீரியமானது. இரண்டு நாளில் அரிப்பை அடக்குகிற வித்தை இதனுடையதுதான். தோலின் எதிர்ப்பைத் தூங்கவைத்துவிட்டுப் பூஞ்சைக்குப் பாய் விரிக்கும். நிறுத்தினால் படர்தாமரை முன்னைவிட அகலமாக வரும். வட்டம் கலைந்து டாக்டருக்கே அடையாளம் தெரியாது. மாதக்கணக்கில் தேய்த்தால் தொடைத்தோல் வரிவரியாய் வெடிக்கும். அந்த வரிகள் பிறகு போகா. ஆள் மறுபடி அதே கடைக்கு வருவார். வியாபாரம் என்றால் இதுவல்லவா வியாபாரம்!

அரசு சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச்சில் 14 பூச்சு ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச்-இல் சேர்த்து, சீட்டில்லாமல் விற்காதே என்றது. செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. இந்த வகைக் களிம்புகள் சிலவும் அதில் உண்டு. ஆனால் தடை குறிப்பிட்ட கூட்டுக்குத்தான். ஒரு சரக்கை மாற்றினால் புது அவதாரம். 2024 ஜனவரியில் கேரளம், சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைப் பிடிக்க ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று புறப்பட்டது. வாழ்க! சுவரில் அறிவிப்பு தொங்குகிறது. அதற்குக் கீழேயே ஆன்டிபயாட்டிக், களிம்பு டியூபுக்குள் ஒளிந்து கைமாறுகிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகமும் இதே ஊரில்தான்.

நம் புகழ் கடல் கடந்தாயிற்று. டெர்பினஃபினுக்கு அடங்க மறுக்கும் படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020இல் நம் நாட்டின் பெயரிலேயே ‘டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே’ என்று நாமகரணம் நடந்தது. 2023இல் நியூயார்க்கிலும் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். அதற்கு விசா தேவைப்படவில்லை.

குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பெட்டாமெத்தசோன் என எந்த ஸ்டீராய்டைக் கண்டாலும் டியூபைத் திருப்பிக் கொடுங்கள். டாக்டர் எழுதித்தரும் பூஞ்சை மருந்தைத் தடிப்பின் விளிம்பைத் தாண்டித் தடவுங்கள். ஆறிவிட்டதென்று பாதியில் விடாதீர்கள். கடைக்காரர் வற்புறுத்தினால், டாக்டர் பெயர் எழுதிய பில் கேளுங்கள். அவர் கை அங்கேயே நின்றுவிடும்.